குளிர்

எங்கள் மொழியில் உதட்டுப் புண்ணுக்குக்
குளிர் என்று பெயர்.
ஜிம்னோ.
ஜனவரியில் கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிறதே,
அதே சொல்தான்.
"உனக்குக் குளிர் முளைத்திருக்கிறது" என்பாள்
ரொட்டிக்கடை இஸபேலா, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.
குரலைத் தாழ்த்தமாட்டாள்.

லெஷெக்குக்கு வருடம் இரண்டு முறை முளைக்கும்.
டிரம்பெட் ஊதுகிறவன்.
மேலுதட்டில் ஊதுவாய் பதியும் வட்டத்தின் விளிம்பில்
முதல் நாள் ஒரு குறுகுறுப்பு,
மறுநாள் கசகசா மணிகள்போல் நான்கைந்து நீர்க்குமிழி.
அந்த வாரம் பெட்டியைத் திறக்கமாட்டான்.
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அவ்வளவுதான் அதன் கதை என்றிருந்தேன்.

நவம்பரில் எனக்கு வந்ததற்கு
ரொட்டிக்கடையில் பெயர் இல்லை.
க்தான்ஸ்க் நகரின் ஆறாம் எண் டிராமை
ஒலிவா வரை ஓட்டினேன்,
உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல்.
பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன்.
சிறுநீர் தீயாய் இறங்கியது.

அன்றிரவு லெஷெக்கிடம் கேட்டேன்: யார் அவள்?
அதே நொடியில் அவனும் வாயைத் திறந்தான்: யார் அவன்?
இரண்டு கேள்வியும் சூப் கிண்ணத்துக்கு மேலே
முட்டிக்கொண்டன.
நான் ஒரு புல்லாங்குழல்காரியின் பெயரைச் சொன்னேன்.
அவன் டிப்போவின் மீசைக்காரனைச் சொன்னான்.
ஒன்பது வருடம் யாருக்கும் தெரியாமல் சேமித்த
அற்பச் சந்தேகங்களையெல்லாம்
உண்டியலை உடைத்ததுபோல் கொட்டி முடித்தோம்.
அவன் சோபாவில் படுத்தான்.
சூப்பை யாரும் தொடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து
டாக்டர் வொலின்ஸ்கா காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
ஓர் எண்ணின்மேல் பேனா முனை.
ஒன்று.
"இரண்டாமவனை எதிர்பார்த்தீர்களா?
கீழ்வீட்டில் எப்போதும் அவன்தான் என்று எல்லாருக்கும் நினைப்பு.
இவன் மேல்வீட்டுக்காரன், உதட்டில் குடியிருப்பவன்.
வழி கிடைத்தால் இவனும் இறங்கிவிடுவான்.
இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.
இவனுக்குக் கீழ்வீடு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது,
அடிக்கடி தலைகாட்டமாட்டான்,
ஆனால் காலிசெய்யவும் மாட்டான்."
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி:
"உங்கள் கணவருக்கு உதட்டில் குளிர் வருமா?"

வரும் என்றேன்.
ஆனால் அப்போது புண் எதுவும் இல்லையே என்றேன்.
"இருக்க வேண்டியதில்லை."

காதுமடல் சுட்டது.
அக்டோபரின் கடைசி ஞாயிறு, மழை,
தெரு முழுக்க மின்சாரம் இல்லை,
என் தொடைகளுக்கிடையே அவன் தலை.
ஊதி ஊதிக் காய்த்துப்போன அந்த வாய்
எவ்வளவு பொறுமையாக இருந்தது.
அதைத்தான் துரோகம் என்று படித்திருக்கிறேன்.

திரும்பும் வழியில், ஓட்டாமல்,
பயணியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
லெஷெக்குக்கு நான்கு வயது. யாருக்கோ ஞானஸ்நான விருந்து.
செலினா அத்தை ஓட்கா மணக்க அவனைத் தூக்கி
வாயோடு வாய் வைத்து முத்தமிடுகிறாள்.
புகைப்படம் எங்கள் நடைவழியில்தான் தொங்குகிறது.
மறுவாரம் ஈறெல்லாம் வீங்கி
பையன் கஞ்சி தவிர எதுவும் தின்னவில்லையாம்.
அத்தை செத்துப் பதினேழு வருடம்.
அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
மூன்று சாண் கீழே இறங்குவதற்குள்
ஒரே புண்ணுக்கு எப்படி இவ்வளவு வெட்கம் வந்துவிடுகிறது?

வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.
பன்னிரண்டு நாள் தூக்கமில்லாத உதட்டில்
சொல்லிவைத்ததுபோல் ஒரு குளிர்.
காகிதத்தை நீட்டினேன்.
இருமுறை படித்தான்.
நடைவழிப் பக்கம் பார்த்தான்.
"செலினா அத்தையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"சிரிக்க வைக்காதே, வெடிக்கிறது" என்று
உதட்டைப் பொத்திக்கொண்டான்.
சோபாப் போர்வையை அன்றும் மடிக்கவில்லை. மறுநாள்தான் மடித்தான்.

திங்களன்று ரொட்டிக்கடையில்
"என்ன, ஒரு மாதிரி நடக்கிறாய்?" என்றாள் இஸபேலா.
"குளிர்" என்றேன்.
அவள் எட்டி
ஜன்னலைச் சாத்தினாள்.