மூன்றிலிருந்து இரண்டுக்கு

காலை ஐந்தே கால்.
தெவலாவ் மலைச்சரிவில் மூட்டம் இன்னும் கலையவில்லை.
கைப்பிரேக்கை விடுவித்து, நியூட்ரலில்,
வேலி தாண்டும்வரை உருளவிட்டுத்தான்
எஞ்சினை எழுப்புவேன்.
பக்கத்து வீட்டு மொரிசெத் ஒருநாள்
வைப்பருக்கடியில் சீட்டு செருகியிருந்தாள்:
'உன் வண்டிக்கு இருமல்.
நர்ஸ்தானே நீ?'

கிளியோதான். ஆனால் உசுப்பிவிட்ட கிளியோ.
இருநூறு குதிரை, மஞ்சள் தோல்.
பழைய சொந்தக்காரன் ஒட்டிய சிறுத்தை
பாதி உரிந்து பூனையாகிவிட்டது.
கடன் கேட்கப் போனபோது வங்கிப் பெண் கேட்டாள்:
வீடு வீடாய் ஊசி போட
இத்தனை குதிரை எதற்கு?
மலை, என்றேன்.
பொய்யில்லை. முழுசாய் மெய்யுமில்லை.

தினமும் கூடவே வாழ்ந்தால் தெரியும்.
சாலையில் ஒரு நாணயம் கிடந்தால்
பூவா தலையா என்று முதுகெலும்பு சொல்லிவிடும்.
வேகத்தடைக்கு இங்கே
படுத்திருக்கும் போலீஸ் என்று பேர்;
ஒவ்வொரு போலீஸுக்கும்
முகவாயைத் தேய்த்து மரியாதை செய்கிறது வண்டி.
முன்டயர்கள் ஒன்பது மாதத்தில் மொட்டை.
பின்சீட்டில் மகனின் நாற்காலி, பிஸ்கட் தூள்,
இன்சுலின் குளிர்ப்பெட்டி,
எப்போதோ உருண்டுபோன ஒரு லிச்சிக் கொட்டை.
அவன் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவான்.
பதினேழில் வாந்தி.
அறுவடை மாதங்களில்
லெ கோல் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டி
(திமிங்கிலம் என்பது அதன் ஊர்ப்பெயர்)
முன்னால் அசைந்தால் முடிந்தது.
இருநூறு குதிரையும் தலைகுனிந்து
சோகை பொறுக்கிக்கொண்டு நடக்கும்.

ஆனாலும் ஆறு மணிக்கு,
எண்ணெய் சூடேறி, எதிரே யாருமில்லாத
அந்தக் கொண்டையூசி வளைவில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது
ஒரு உறுமல் வரும் பாருங்கள்,
அதற்காகத்தான்.
வேறென்ன சொல்ல.

அந்த உறுமலுக்குத்தான் இரேனே நரசிகன்
சட்டைக் கையை மடிப்பார்.
நான் படியேறுவதற்குள் சர்க்கரை பார்த்து
எண்ணை எழுதியும் வைத்திருப்பார்.
அடுத்தது ஜினெத். நாற்பத்தொரு வயது.
மார்ச் மாதம் மூளையில் ஏதோ குழாய் அடைத்து
வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன.

ஆகஸ்டில் கிளட்ச் போனது.
பட்டறைக்காரன் மார்தயே ஒரு வாரத்துக்கு
மின்சார வண்டி தந்தான். வெள்ளை. சத்தமே இல்லை.
தெரிந்த நாய்கள் தெரியாததுபோல் குரைத்தன.
நரசிகன் தூங்கிக்கொண்டிருந்தார்;
தொட்டு எழுப்பியதும்
யார் செத்தது, என்றார்.
ஜினெத் ஐந்து நாளும்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் மஞ்சளில் போனேன்.
வளைவு. இரண்டாம் கியர்.
உள்ளே நுழைந்தால், கட்டிலில் அவள்
உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க,
ர்ர்ர்
என்றாள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்:
நம் மொழியில் ரகரத்தில் சொல் தொடங்காது.
சரிவில் நிறுத்திய வண்டிக்குக் கல் வைப்பதுபோல்
முன்னால் ஒரு இகரமோ அகரமோ
முட்டுக் கொடுக்க வேண்டும்.
இரேனே அப்படித்தான் இரேனே ஆனார்.
அவள் கல்லே வைக்கவில்லை.
அப்படியே உருளவிட்டாள்.

இரத்த அழுத்தம் குறித்துவிட்டு
வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து,
நின்ற இடத்திலேயே, ஒரே ஒருமுறை,
முள் சிவப்பைத் தொடும்வரை மிதித்தேன்.
தெருவே எட்டிப் பார்த்தது.
ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

பெட்ரோல் விளக்கு எரிகிறது. மாதக் கடைசி.
இருபது யூரோவுக்கு மட்டும் போட வேண்டும்.
வைப்பருக்கடியில்
மொரிசெத்தின் இன்னொரு சீட்டு
வழியெல்லாம் படபடத்துக்கொண்டு வருகிறது.
இன்னும் எடுக்கவில்லை.