சாட்டைப்புழு என்று எழுதியவள்

க்ரிஸ்புலோ தும்லாவுக்கு முன்னால்
அவருடைய வயிறு உள்ளே வந்தது.
வீக்கத்தால் அல்ல, ஓசையால்.
கடமுடா, கடமுடா,
ஈர மணலில் யாரோ பானை உருட்டுகிற மாதிரி.
வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

வயது நாற்பத்தொன்று, எடை முப்பத்தாறு கிலோ.
பாதத்தில் விரலால் அழுத்தினால்
குழி நிரம்ப நேரம் பிடிக்கிறது.

கோப்பு மட்டும் கொழுத்திருந்தது.
ஒருவர் காசநோய் என்றார், ஆறு மாதம் மாத்திரை.
ஒருவர் தைராய்டு.
இன்னொருவர் கணையம் என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு
கையெழுத்தைத் தெளிவில்லாமல் வைத்திருந்தார்.
ஊர் வைத்தியர் கேட்டாராம்:
அந்திப் பொழுதில் ஏரிக்குள் சிறுநீர் கழித்தாயா?
ஆமாம் என்றிருக்கிறார் இவர். யார்தான் இல்லை.

டாக்டர் அக்பயானி கோப்பை மூடி வைத்தார்.
"இந்தச் சத்தம் வேறு யாருக்காவது இருந்ததா?"
அவர் கூரையைப் பார்த்தார்.
மனைவி பெர்பெத்துவாதான் சொன்னாள்:
"தம்பிக்கு. மூன்று வருஷம் ஆகிறது, போய்ச் சேர்ந்து.
இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்பார்கள்."
"எதை?"
"மீன். ஏரி மீன், சுண்டுவிரல் நீளம்."
"சமைத்தா?"
அவள் சிரிப்பை அடக்கினாள்.
"இத்தனூண்டை யார் டாக்டர் சமைப்பார்கள்?
காடியில் நனைத்தால் துள்ளும்.
துள்ளும்போதே வாயில் போட வேண்டும்."

கண்ணாடித் தகடு என்னிடம் வந்தது.
பதினோரு வருஷமாக
இந்த மாகாணத்தின் மலத்தைப் பார்க்கிறவள் நான்.
பீப்பாய் வடிவம், இரு முனையிலும் மூடி.
கண் விலகும் முன்பே
கை எழுதத் தொடங்கிவிட்டது: சாட்டைப்புழு.
இங்கே பாதிக் குழந்தைகளுக்கு இருப்பதுதானே.

வாசலில் அக்பயானி. "அளந்தாயா?"

அளக்கவில்லை.
அளவுகோல் வில்லையைப் பொருத்தினேன்.
நாற்பத்திரண்டு மைக்ரான். குட்டை.
மூடிகள் பிதுங்கி நிற்கவில்லை,
கட்டைவிரலால் யாரோ உள்ளே அமுக்கியதுபோல் தட்டை.
இடுப்பு லேசாய் ஒடுங்கி
ஓட்டின் மேல் மெல்லிய வரி.
வேர்க்கடலை.
தகட்டை நகர்த்தினேன். இன்னும் வேர்க்கடலை.
பக்கத்திலேயே பொரிந்த குஞ்சுப்புழு, உயிரோடு, நெளிந்துகொண்டு.
வெளியே போகக் காத்திராமல்
குடலுக்குள்ளேயே பேரன் பேத்தி எடுக்கும் இனம்.

அன்று மாலை, ஒருவரும் சொல்லாமலேயே,
பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்குப் போனேன்.
கரையான் தின்றது போக மிச்சம் இருந்தது.
தும்லாவ், தெல்ஃபின். வயது முப்பத்து மூன்று.
"சாட்டைப்புழு முட்டைகள், சில."
என் கையெழுத்து.
அழகாக இருந்தது.

சாட்டைப்புழுவுக்கு மூன்று நாள் மாத்திரை.
இதற்கு இருபது நாள்.
அதே மாத்திரை.
அதே அலமாரி, அதே தட்டு.
பதினேழு நாள் பாக்கியில்
ஒரு மனிதன் போயிருக்கிறான்.

சிவப்பு மையால் பக்கத்தில் திருத்தம் எழுதினேன்.
தேதி போட்டேன், இன்றைய தேதி.
அது யாருக்கு என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் க்ரிஸ்புலோ இரண்டாவது முறை சோறு கேட்டார்.
பத்தொன்பதாம் நாள் இரவு
பெர்பெத்துவா நர்ஸை எழுப்பினாளாம், பதறிப்போய்.
"சத்தமே இல்லை, வந்து பாருங்கள்."
அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் நாளில்
அவள் ஆய்வகத்துக் கம்பி ஜன்னலுக்கு வந்தாள்.
"தம்பிக்கும் இதுதானா?"
"இதுதான்."
"அன்றைக்கு யாரும் பார்க்கவில்லையா?"
"நான் பார்த்தேன்" என்றேன்.
"காணவில்லை."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.
பேருந்து ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

டிசம்பரில் ஒரு பொட்டலம் வந்தது,
வாழையிலையில் கட்டி, எண்ணெய் கசிந்து.
கொண்டுவந்தவர் க்ரிஸ்புலோ. கன்னம் உப்பியிருந்தது.
நான் வாயைத் திறப்பதற்குள்,
"பொரித்தது" என்றார்.
"கருகவே விட்டோம்."

தலையோடு, முள்ளோடு
ஒவ்வொன்றாக மென்றேன்.
கசந்தது.
மிச்சம் வைக்கவில்லை.