நீங்கலாக

ஜெனீவா, மோன்பிரியான் தெரு, நாலாம் மாடி.
எனக்கு ஒரு நாட்டைத் தந்திருக்கிறார்கள்.
ஐம்பது வருடத்துத் தொழிற்சாலை உற்பத்தி,
ஆண்டுக்கொரு கட்டம்.
தற்செயல்தான், என்கிறான் லோரான்,
அகரவரிசையில் உனக்கு விழுந்தது.

கோடு ஏறிக்கொண்டே போகிறது.
தேயிலைப் பெட்டி, றப்பர், பிறகு சட்டை,
சட்டைக்கு மேல் சட்டை,
ஊருலகத்துக்கெல்லாம் பொத்தான் தைத்த வருடங்கள்.
ஓரிடத்திலும் இடறவில்லை,
புதிதாய்த் தார் போட்ட வீதிபோல.

தொண்ணூறுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால்
எறும்பெழுத்தில் ஒரு வரி:
வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக.
பிரெஞ்சில் இருந்தது.
நான் தமிழில்தான் வாசித்தேன்.

அந்த நீங்கலுக்குள்
குணபாலசிங்கத்தின் பட்டறை இருந்தது.
கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை.
ஜாம் போத்தல், சைக்கிள் வால்வு,
கிழிந்த சாரத்தில் திரித்த திரி:
ஒரு இரவுக்கு இரண்டு கரண்டி எண்ணெய் குடிக்கும் விளக்கு.
செத்த பற்றறிக்கு உப்புத்தண்ணி வார்த்து
செய்தி நேரத்துக்கு மட்டும் உயிர் கொடுப்பார்.
காசில்லாதவர் மரவள்ளி கொண்டுவருவார்.
கணக்கெழுதப் பன்னிரண்டு வயது என்னைக் கூப்பிட்டார்,
கணக்கு வரும் என்பதற்காக அல்ல,
எங்கள் வீட்டில்தான் பென்சில் இருந்தது.

திங்கள் பதினொன்று.
செவ்வாய் பதினாலு.
புதன், ஹெலி சுற்றியது, மூன்று.
வியாழன் பதினாறு,
புதன்கிழமைப் பயத்தையும் சேர்த்துச் செய்தோம்.

எந்த விலையில் போடுவது இதை?
அடிப்படை ஆண்டு எது?
மரவள்ளிக்கு என்ன நாணய மாற்று?
லோரான் நல்லவன். கேட்டால் யோசிப்பான்.
யோசித்தான்.
நடுவில் தரவு இல்லையென்றால்
இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணைத்துவிடு, என்றான்.
இணைத்தேன்.
கோடு எங்கள் கூரைக்கு மேலால் போனது,
குண்டு போடாமல் திரும்பும் விமானத்தின் உயரத்தில்.

பீஸ் காற்று யன்னலை உலுக்குகிறது.
கீழே பதினைந்தாம் நம்பர் ட்ராம்
எல்லா விளக்கும் எரிய, ஆளில்லாமல் வளைகிறது.
கடைசி நாள் கணக்கு எனக்குத் தெரியும்: ஏழு.
எட்டாவதுக்குத் திரி வெட்டி வைத்திருந்தது.

பாதி முடிந்த பொருட்களுக்கென்று
வலப்பக்கம் ஒரு நிரல் உண்டு, எவரும் தொடுவதில்லை.
அதில் ஒன்று என்று அடித்தேன்.
அலகு என்ன என்று
திரை கேட்கிறது.