சுமைக்குத் தோள் இல்லை

மழை. மரத்துக்கு மழைக்காப்பு ஒட்ட
முதலாளி இன்னும் பிளாஸ்டிக் வாங்கவில்லை.
அதனால் இன்றைக்குப் பால்வெட்டு இல்லை.
அதனால் நாற்பத்துமூன்றாம் இதழை
இரண்டாம் முறையும் படித்தேன்.
முதல் முறை வெறும் கோபம்.
இப்போது காரணத்தோடு கோபம்.

‘ஏழரை’ என்று ஒரு படை.
ஏழு பேர் முழுசு.
எட்டாவது பையனுக்குச் சக்தி
பாதி நேரம்தான் வேலை செய்யும்.
பேரைக் கேட்டுவிட்டு ஞானபாய்,
"காசு குடுத்தா ஏழரைய வாங்குத?" என்றாள்.

ஆமாம். மாதம் நூற்றிருபது ரூபாய்.
நானும் ஷீட் அடிக்கிற வில்பிரட்டும்
அறுபது அறுபது.
ஒற்றைப்படை இதழ் முதலில் எனக்கு.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஒரே ஒரு கடையில்தான் வரும்.
குலசேகரம் பஸ்ஸில்
மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவேன்.
முப்பத்தாறு வயசுக்காரி படக்கதை படிக்கிறாள்
என்று யாரும் சொல்வார்களென்று அல்ல,
அட்டை கசங்கக் கூடாது.

வில்பிரட்டுக்கு இடிவல்லன் போதும்.
இரண்டு பக்கம் சேர்த்து ஒரு வெடி,
அதில் ஒரு ஊர் காலி,
"கொள்ளாம்" என்பான்.
எனக்குச் சுமை.
அவளுக்குப் பறக்கத் தெரியாது.
எதையும் தூக்குவாள்.
தூக்கியதை எங்கேயாவது இறக்கியாக வேண்டும்,
கதையே அதுதான்.

பன்னிரண்டாம் இதழில்
உடைந்த அணையின் ஷட்டரைத் தாங்கி
ஒன்பது பக்கம் நின்றாள்.
ஒன்பது பக்கத்திலும் வசனம் கிடையாது.
பின்கழுத்தில் ஒரு நரம்பு,
கெண்டைக்காலில் ஒரு முடிச்சு,
பெருவிரல் மண்ணைக் கவ்வுகிற விதம்.
அந்த ஓவியன் எப்போதாவது
நிறைந்த வாளி இரண்டோடு சரிவில் இறங்கியிருப்பான்,
அல்லது இறங்கியவளை
நின்று பார்த்திருப்பான்.
விடியுமுன்னே முந்நூறு மரம் வெட்டி,
பால் எடுத்து, தளும்பாமல் வருகிற கால் அது.
எனக்கு அடையாளம் தெரியும்.

முப்பத்தெட்டில் ஆள் மாறினான்.
சுமை இளைத்தாள்.
நாற்பதில் அவளுக்கு இடுப்பு வந்தது.
நாற்பத்துமூன்றில் ரயிலைத் தூக்குகிறாள்,
ஒரு கை, ஒரு சிரிப்பு,
முடி கலையவில்லை.
தோள் எங்கே ஐயா?
தோளை எடுத்துவிட்டு
ரயிலை எதில் வைத்தீர்?

கதையும் அப்படித்தான் போகிறது.
மாதம் ஒரு உலகம் அழிகிறது,
செத்தவன் அடுத்த இதழில் எழுந்து வருகிறான்.
உயிர்ப்பு ஞாயிறே
வருஷத்துக்கு ஒன்றுதான்.
கடலாடி கடலுக்குள்ளிருந்து ஏறினால்
சட்டை தேய்த்த மடிப்பு அப்படியே இருக்கிறது.
குளச்சலில் அக்கா வீட்டுக்காரர் பார்த்துவிட்டு,
"மேலு உப்பு பூக்கல்லியே, இவன் எந்தக் கடலுல குளிச்சான்?"
என்று சிரித்தார்.

வில்பிரட் ஒத்துக்கொள்ளவில்லை.
"வரையியவனத் திட்டாத ரோஸ்லெட்.
மாசம் முப்பது பக்கம்.
ராத்திரி முழிச்சு இருந்து வரைவான்,
நம்மளப் போலத்தான்."
இது எனக்குத் தோன்றவில்லை.
கொஞ்ச நேரம் ஷீட் காய்கிற கொடியைப் பார்த்திருந்தேன்.
"பின்னயும் தோள் வேணும்" என்றேன்.

இன்றைக்குத்தான் கவனித்தேன்,
இருபத்தேழாம் பக்கம், கீழ் மூலை,
தீப்பெட்டி அளவு ஒரு கட்டம்.
சண்டை முடிந்துவிட்டது.
அந்த அரைப்பையன்
சுமையின் பையைத் தூக்கப் பார்க்கிறான்.
சக்தி வரவில்லை.
வராமலே தூக்குகிறான்.
பின்கழுத்தில் ஒரு நரம்பு.
கெண்டைக்காலில் முடிச்சு.

அப்படியானால் வரையத் தெரியாமல் இல்லை.
அப்படியானால் அவளுடைய தோளை
எடுக்கச் சொன்னது யார்?

மழை விடவில்லை.
போன வருஷத்து மழைக்காப்பில் மிச்சம் ஒரு துண்டு;
இதழை அதில் சுற்றி வைத்தேன்.

நாற்பத்துநான்கு முதலில் வில்பிரட்டுக்கு.
ஒரு வாரம் அவனிடம் இருக்கும்.
வெடியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்,
சுமையைப் பற்றி வாய் திறந்தால்
என் அறுபதைத் திருப்பித் தா
என்று சொல்லி வைத்திருக்கிறேன்.