பின்னேரம் மட்டும்

காலமை சொன்ன விலையை
மத்தியானம் வெட்டி எழுதினன்.
"இதுவும் பின்னேரம் மட்டும்தான் அண்ணை"
எண்டான் கொழும்புக்காரன் போனில.

ஸ்ரான்லி வீதி. கரண்ட் நிண்டு வந்தது.
கலியாண வீடியோ வெட்டி ஒட்டுற டிலக்சன்
மேசையில முழங்கை ஊண்டி நிக்கிறான்.
தாலி கட்டுற இடத்தில
மெஷின் இறுகிப் போகுதாம்,
கெட்டிமேளம் ஒரே அடியில நிக்குதாம்.

எங்கேயோ கோடி கோடியாய்க் கொட்டி
சிப் தொழிற்சாலை கட்டுகினமாம்.
எழும்ப மூண்டு வருசம்.
பொம்பிளைக்குக் கனடா பிளேன்
வெள்ளிக்கிழமை.

என்ர பில் கொம்பியூட்டரைத் திறந்து
கிடந்த ஒரே ராமைக் கழட்டி
ஊதிக் குடுத்தன்.
விலை கேட்டான். சொல்லேல்லை.

இப்ப கையால பில் எழுதுறன்.
கார்பன் தாள் பழசு.
அடிப் பிரதியில
ஆருக்கு, எவ்வளவு,
ஒண்டும் விழேல்லை.