ஸ்லைடு எண் பத்தொன்பது

சென்னிமலையிலிருந்து ரெண்டு பஸ் மாறி
தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்
நொய்யல் தடுப்பணையின் மீன் குத்தகைக்காரர் ராக்கியப்பன்.
"பதினோரு மீனுங்க.
நாலு ஜிலேபி, ரண்டு கெளுத்தி, மிச்சம் கெண்டைங்க.
செத்ததைக் கொண்டாரலைங்க. சாகப்போறதுதானுங்க."
பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தான் கண்டக்டர்.
அதை என்னிடம் நீட்டினார்,
காலேஜில் காசு தருவார்களோ என்னவோ என்று.

அளந்தேன். எடை போட்டேன்.
செவுள் மூடியைக் கத்தரியால் வெட்டித் திறந்தேன்.
ரத்தமாய் இருக்க வேண்டிய இடம்
மழையில் ஊறிய செங்கல்.
மேலே ஒரு பிசுக்கு, கையுறையோடு நூலாய் நீண்டு வந்தது.
முகர்ந்தேன். முகரக் கூடாதுதான்.
நீடில் ஆயில்.
படிக்க வருவதற்கு முன் நாலு வருஷம்
நிட்டிங் கம்பெனியில் செக்கிங் பார்த்த மூக்கு இது.
துணியில் எண்ணெய்க் கோடு விழுந்தால்
அன்றைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
காஸ்டிக்கில் வேகவைத்தால் கோடு துணியை விட்டுப் போய்விடும்.
எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.

மெழுகில் புதைத்து
ஐந்து மைக்ரான் கனத்தில் சீவிக்
கண்ணாடியில் ஏற்றினால்
செவுள் என்று ஒன்று இருப்பதே தெரியாது.
தெரிய வேண்டுமென்றால் அதற்கும் சாயம் ஏற்றணும்.
முதலில் ஊதா. ஒரு அலசல்.
பிறகு இயோசின்,
குழந்தைகள் டீ ஷர்ட்டுக்குப் போகுமே, அந்த ஏற்றுமதி ரோஸ்.
மறுபடி அலசல்.
தொட்டிக்குப் பதில் கண்ணாடி ஜாடி, அவ்வளவுதான்.
இதுவும் ஒரு சாயப்பட்டறை.

லென்சுக்கடியில் பத்தொன்பது:
சீப்புப் பல்லாய்த் தனித்தனியே நிற்க வேண்டியவை
ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன.
தண்ணி நுழைய இடுக்கில்லை.
மேல்தோல் கொப்புளமாய்த் தூக்கிக்கொண்டிருக்கிறது.
ஈரலில் ஓட்டை ஓட்டையாய்க் கொழுப்பு.
'இணைவு: கடுமை' என்று நிரப்பினேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பவானி மேல்கரையிலிருந்து ஒரு மீன் வந்திருந்தது.
அதன் செவுளை
வேலை முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சும்மா.

ஆறு மணிக்குப் போன்.
"ஏனுங் அம்முணி, என்னாச்சுங்க?
சந்தையில விக்கலாமுங்களா?
நேத்தே எட்டுக் கிலோ போயிருச்சுங்க."
துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரிப்போர்ட்.
அப்படித்தான் சொன்னேன்.
"செரிங்க" என்றார்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு "செரிங்க".
பின்னால் யாரோ தராசுத் தட்டைக் கழுவும் சத்தம்.
"நீங்க சாப்பிடாதீங்க" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.
திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

முதல் ஜாடியைச் சிங்க்கில் கவிழ்த்தேன்.
ஊதா சுழன்று இறங்கியது.
குழாய் பின்பக்க ஓடைக்குப் போகிறது.
ஓடை எங்கே போகிறது என்று
இந்தக் காலேஜில் வாட்ச்மேனுக்கும் தெரியும்.
ரோஸ் ஜாடியைக் கையில் எடுத்து
மூடிபோட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.
நாளைக்கு இன்னும் பதினாறு ஸ்லைடு இருக்கிறது.
அலமாரியில் இன்னும் மூன்று ஜாடிக்குத்தான் இடம்.