பக்க ஆட்டம்

ஹால்டிஸ் முதலில் வந்த சனிக்கிழமை
பெர்கனில் மழை. அது செய்தியல்ல.
செய்தி, அவர் கக்கத்தில் இருந்த தட்டு:
உறை கிழிந்து, பெயின்டர் நாடா ஒட்டி,
ஒரே ஒரு தட்டு.
"இதைப் போடுங்கள். வேறெதுவும் வேண்டாம்."

பதினோரு வருடமாக
ஊசிமுனை விற்றுப் பிழைக்கிறேன்.
யார் எவ்வளவு தருவார்கள் என்று
செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
அவர் பூட்ஸில் டீசல் கறை.
மலிவு வரிசைக்குக் கூட்டிப் போனேன்.
"இதல்ல," என்றார். "அது."
விரல் நீண்ட இடத்தில்,
கருங்கல் பலகை மேல்,
என் ஆறு மாதச் சம்பளம்
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருடம் படகின் எஞ்சின் அறையில்.
இடது காதை அங்கேயே விட்டுவிட்டேன் என்றார்,
குடையை மறந்து வந்தவர்போல.
ஒற்றைக் காதுக்கு எதற்கு இரண்டு ஸ்பீக்கர்?
நாக்கு நுனிவரை வந்ததை
வியாபாரி விழுங்கினான்.

அடுத்த வாரம் கைகள்.
ஒன்பது அங்குலம், பன்னிரண்டு அங்குலம்,
ஒற்றை முனையில் நின்று தள்ளாடும் ஒன்று.
நீளக் கை தடத்தோடு சண்டை போடாது,
குட்டைக் கை நெளிந்த தட்டிலும் சட்டென எழும்
என்று பாடம் ஒப்பித்தேன்.
அவர் காதில் வாங்கவில்லை.
கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகக்
கையின் கழுத்தைப் பிடித்தார், நாடி பார்ப்பதுபோல.
முன்னே. பின்னே. இடம். வலம்.
"இதில் ஆட்டம் இருக்கிறது."
எதில்?
"பேரிங்கில். மயிரிழையில் பாதி."
கடையிலேயே விலை கூடிய கை அது.
பத்திரிகைகள் மாலை போட்டுக் கும்பிட்ட கை.
நானும் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.
இரவு படுத்த பிறகு
கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வாரம் அவரைக் காணோம்.
கையைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன்.
ஆமாம் என்று பதில் வந்தது,
ஒரு மன்னிப்பும் ஒரு காலண்டரும் சேர்த்து.

கடைசியில் அவர் எடுத்தது
யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பத்து அங்குலம்.
மெருகில்லை, திருகாணிகள் வெளியே தெரிந்தன.
கார்ட்ரிட்ஜுக்கு வந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்:
மோனோவில் ஒன்று இருக்கிறது, பாதி விலை,
இரண்டு பக்கத்தையும் கலந்தே தந்துவிடும்...
"இடது பக்கத்தில் என்ன இருக்கிறது?"
அவருடைய தட்டைக் கேட்கிறார்.
போட்டேன். செல்லோ, என்றேன்.
பிறகு, அடக்கிய ஓர் இருமல்.
பிறகு யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.
"நாற்காலியா?
என் பெட்டியில் நாற்காலியே கிடையாது."
கண்ணை மூடித் திரும்பப் போடச் சொன்னார்.
"கேட்கிறது. எந்தப் பக்கம்?"
இடது. கொஞ்சம் பின்னால்.
"ஸ்டீரியோவே கொடுங்கள்."

தீவில் அவர் வீடு, மரத்தரை.
நடந்தால் ஊசி துள்ளும் என்று எச்சரிக்க வாயெடுத்தேன்.
சுவரில் இரும்புத் தாங்கி ஏற்கெனவே அறைந்திருந்தது.
ரசமட்டக் குமிழி நடுவில் தூங்கியது.
ஊசிக்கு ஒன்று புள்ளி எட்டு கிராம் வைத்தேன்,
பதினைந்து குன்றிமணி எடை.
அவர் என் தராசைச் சந்தேகமாகப் பார்த்தார்.

முள் இறங்கியது.
நாற்காலி வரும் நேரம் அவர் எழுந்து,
கோழி சாய்ப்பதுபோல் தலையைச் சாய்த்து,
அறை நடுவே மெல்லச் சுற்றினார்,
ஓசை பெருக்கும் திசை தேடி.
நின்றார்.
"இங்கேயா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
"கிட்டத்தட்ட வேண்டாம்." மறுபடி போட்டார்.

ஐந்தாவது தடவையில் ஜன்னலுக்கு வெளியே படகு.
சட்டென்று கையைத் தூக்கினார்.
காதை அல்ல, உள்ளங்காலைத்
தரையில் அழுத்தி நின்றார்.
"மூன்றாவது சிலிண்டர். தட்டுகிறது.
போகும்போது அவர்களிடம் சொல்லிவிடுங்கள்."

சொன்னேன். சிரித்தார்கள்.
திரும்பும் வழியெல்லாம்
நனைந்த கைப்பிடிக் கம்பியைக்
கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகப் பிடித்தபடி
நின்றுகொண்டு வந்தேன்.